அலுவலக மேசை: கோப்பின் முதல் தாள்

சென்ற இதழில் குடும்ப ஓய்வூதியத்துக்கு வேண்டிய தாள்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதன்பின் நமக்கு இரண்டு கடிதங்கள் வந்துள்ளன. இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை; ஆயினும் எழுதிய இரு சாராரும் அதனை அறியார்.

முதற் கடிதம் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகளார் எழுதியது. அவர் மும்பையில் ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் பணிபுரிகின்றார். புதிதாகத் தொடங்கவிருக்கும் ஒரு வேலைக்குத் 'திட்டத் தொடக்க ஆவணம்' ஒன்றை ஆயத்தம் செய்து, நிருவாகத்தின் ஒப்புதலுக்கு வைக்குமாறு அவருடைய மேலதிகாரி பணித்தாராம். நாற்பது பக்கத்து மாதிரிப் படிவம் ஒன்றும் கொடுத்தாராம். "அண்ணா, தாங்கள் கோப்புகளோடு காலங் கழிப்பவர். இதை எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கின்றார்.

இரண்டாம் கடிதம் தண்டவாளத்துக்குக் கீழ்ப்புறத் தெருக்களில் வாழும் நம் குடும்பத்தார் பதினேழு பேர் கையொப்பமிட்டது. தண்டவாளத்தைக் கடந்து மேல்புறம் செல்ல நடைமேம்பாலம் ஒன்று வேண்டி மனு எழுதியிருக்கின்றனர். நான்கு பக்கம். அதனைத் திருத்தித் தருமாறு கேட்கின்றனர். அந்த இடத்தை அறியாதவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் படிக்கும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி மேல்புறத்தில் இருக்கின்றது. சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் இருபத்தைந்து நிமிட நடை. தண்டவாளத்தைக் கடந்தால் ஐந்து நிமிடம். பிள்ளைகள் எந்த வழியில் போகின்றனர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பயந்த பெற்றோர் சிலர் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்துக் கீழ்ப்புறத்திலேயே வேறு பள்ளியில் சேர்த்துவிட்டனர். இன்னும் சிலர் வரும் ஆண்டில் எடுத்துவிடப் போவதாகச் சொல்லுகின்றனர்.

நாம் ரயில்வே ஊழியர். ஆதலின் மனுவில் நம் கையொப்பம் இராது; இருத்தலும் முறையன்று. எனினும் ஓர் அலுவலகம் தாளை எவ்வாறு படிக்கின்றது என்பதை எடுத்துச் சொல்வதில் தடை ஒன்றும் இல்லை. வேலைப் பிரிவில் எட்டு ஆண்டுகளாகக் கோப்பு எழுதிவருகின்றோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றுபோன நமக்கு அந்தக் கோப்புகளே கல்லூரி.

எந்த வேலைக்கும் முதலில் ஒரு தாள் எழுகின்றது. அதற்கு ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு பெயர். கணிப்பொறி நிறுவனங்களில் வழங்கும் பெயர், இங்கிலாந்து அரசினர் 1996-இல் வெளியிட்ட 'பிரின்ஸ் 2' என்னும் முறையைத் தழுவியது. அம்முறையில், தொடக்க ஆவணத்தை மேற்பார்வைக் குழு ஏற்றுக்கொண்ட பின்னரே உண்மையான வேலை தொடங்கும். ரயில்வேயில் அதற்குப் பெயர் சுருக்க மதிப்பீடும் அதனோடு இணைந்த நியாய விளக்கமும். சுருக்க மதிப்பீடு என்பது வேலையின் தன்மையையும் தேவையையும் தோராயச் செலவையும் காட்டி நிருவாக ஒப்புதல் பெறுவதற்கானது. ஒவ்வொரு தூணையும் ஒவ்வொரு படியையும் கணக்கிடும் விரிவான மதிப்பீடு அதற்குப் பின்னரே வரும். தொழில் நுட்ப ஒப்புதல் அதற்கு உரியது. டெண்டரும் மண் தோண்டுதலும் அதற்கும் அப்பால்.

இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர் பலர். அந்தத் தங்கை நமக்கு அனுப்பிய வரைவிலும், எந்த மென்பொருள், எத்தனை கணிப்பொறி, எவர் எந்த நாள் எதை எழுதுவது என்பதெல்லாம் முதல் முப்பது பக்கத்தில் நிறைந்திருந்தது. இந்த வேலை எதற்காக என்பது முப்பத்தோராம் பக்கத்தில் இரண்டு வரி. ஒப்புதல் தருபவர் முப்பத்தோராம் பக்கம் வரை வரமாட்டார். அவர் மேசையில் அன்று அதுபோல் இன்னும் பத்து இருக்கும். அவர் மனத்தில் எழும் கேள்விகள் மிகச் சிலவே. என்ன வேண்டும் என்கின்றார்கள்? இப்பொழுது ஏன்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? வேறு வழியே இல்லையா? எவ்வளவு, எவர் பணம்? முடிந்தபின் எவர் பொறுப்பில் இருக்கும்? இவற்றுக்கு முதல் தாளில் விடை இருந்தால் மற்றைய முப்பத்தொன்பது பக்கமும் இணைப்பாகப் பின்னால் இருக்கலாம். தங்கைக்கு நாம் எழுதிய விடை இவ்வளவே. அவருக்கு வல்லமை இருக்கின்றது. பக்கங்களை இடம் மாற்றிவிட்டால் போதும்.

இனி மனுவுக்கு வருவோம். அஃது அவ்வளவு எளிதன்று.

மனுவின் முதற் பக்கம் தமிழரின் தொன்மையைச் சொல்லித் தொடங்குகின்றது. இரண்டாம் பக்கம் நம் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்த வரலாறு. மூன்றாம் பக்கம் முழுதும், இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தண்டவாளத்தில் நாம் இழந்த பெரியவரைப் பற்றியது. நான்காம் பக்கம், ஆவன செய்யுமாறு பணிவான வேண்டுகோள். நல்ல தமிழையும் அதன் நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பையும் கண்டோம். ஆனால் பாலம் எந்த இடத்தில் வேண்டும் என்பது நான்கு பக்கத்திலும் இல்லை.

முதற் பக்கத்தை நாம் அடித்துவிட்டோம். அதற்கு வலுவான காரணம் உண்டு. அரசுப் பணத்தைச் செலவிடுவதற்கென நிதி விதிகளில் சில நெறிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. தன் பணத்தைச் செலவிடும் சாதாரண விவேகியின் கவனத்தோடு பொதுப் பணத்தையும் செலவிட வேண்டும் என்பது ஒன்று. ஒப்புதல் தரும் அதிகாரி தமக்கு ஆதாயம் வரும் வகையில் ஒப்புதல் தரலாகாது என்பது மற்றொன்று. மூன்றாவது நமக்கு உரியது: சில விலக்குகள் நீங்கலாக, ஒரு தனி மனிதருக்கோ மக்களில் ஒரு பிரிவினர்க்கோ மட்டும் நன்மை தரும் வகையில் பொதுப் பணத்தைச் செலவிடலாகாது. ஆகவே, 'தமிழராகிய எங்களுக்கு ஒரு பாலம்' என்று எழுதினால், நல்லெண்ணமுள்ள அதிகாரியும் கை கட்டப்பட்டவராகின்றார். அந்த இடத்தைக் கடப்பவர் தமிழர் மட்டும் அல்லர். காலை 6 மணிக்கு அங்கே நின்று பார்த்தால் மராட்டியர், குஜராத்தியர், பீகாரிலிருந்து வந்த தொழிலாளர், மீன் கூடை சுமக்கும் பெண்டிர் எல்லாரும் கடக்கின்றனர். மேல்புறத்திலிருந்து கீழ்ப்புறச் சந்தைக்கு வருவோரும் உண்டு. அவர்களும் கையொப்பமிட வேண்டும். இதைச் சொன்னபொழுது நம் பெரியவர் ஒருவர், "நாம் பாடுபட்டு எழுதிய மனுவில் அவர்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். பாலம் வந்தபின் அதன் மேல் நடக்க அவர்களுக்கு என்ன வேலையோ, அதே வேலைதான் என்று மறுமொழி கூறினோம். அவர் சிரித்துவிட்டுத் தம் அடுத்த வீட்டு மராட்டியரிடம் தாமே தாளைக் கொண்டு போனார்.

மூன்றாம் பக்கத்தை அடிப்பது கடினமாக இருந்தது. அதை எழுதியவர் அந்தப் பெரியவரின் மகனார். கோப்பில் துயரத்துக்கு இடம் இல்லை என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது? நமக்கு நாக்கு எழவில்லை. ஆயினும் அவர் வீட்டுக்குச் சென்று உள்ளதைச் சொன்னோம். ஒரு பக்கம் முழுதும் எழுதினால் படிப்பவர் வருந்துவார்; வருந்திவிட்டு அடுத்த தாளை எடுத்துவிடுவார். நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரே வரியில் எழுதினால் அந்த வரியை அவர் தம் குறிப்பில் எடுத்து எழுதுவார். மேலே செல்லும் ஒவ்வொரு குறிப்பிலும் அந்த வரி தொடர்ந்து செல்லும். மகனார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு தாளை வாங்கித் தாமே அந்த வரியை எழுதினார். பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னார். 'வயது 71' என்று மட்டும் சேர்த்தார்.

இடம் என்று சொன்னோம். தண்டவாள ஓரத்து மின்கம்பங்களில் கிலோமீட்டரும் கம்ப வரிசையும் சேர்ந்த எண் எழுதப்பட்டிருக்கும். 'பிள்ளையார் கோயிலுக்கு எதிரே' என்றால் கோட்ட அலுவலகத்தில் எவருக்கும் விளங்காது. கம்பத்தின் எண்ணை எழுதினால் பொறியாளர் தம் வரைபடத்தில் அந்த இடத்தில் விரலை வைத்துவிடுவார். அதனை வேலிக்கு வெளியே நின்று குறித்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் இறங்குதல் 1989-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். இதனை மனுவில் மறைக்க வேண்டுமா என்று இருவர் கேட்டனர். வேண்டுவதில்லை. குற்றம் என்பது ரயில்வேக்கும் தெரியும், மக்கள் கடக்கின்றனர் என்பதும் தெரியும். 'பொதுமக்கள் இவ்விடத்தில் கடக்கின்றனர். அது தடுக்கப்பட வேண்டும். தடுக்கப் பாதுகாப்பான வழி வேண்டும்' என்று எழுதுவது நேர்மையான வாக்கியம்.

அடுத்தது, எவரிடம் கேட்பது. இதில்தான் மனுக்கள் பல வழி தப்பிப் போகின்றன. நிலையத்துக்குள் பயணியர் மேடை மாறுவதற்கான பாலம் ரயில்வேயின் வேலை. ரயில்வே வேலைகளைத் தலைப்பு வாரியாகப் பிரித்து எண்ணிட்டிருக்கின்றனர். பயணியர் வசதிகளுக்கு உரியது 53-ஆம் தலைப்பு. நிலையங்களையே 2017-இல் புறநகர், புறநகர் அல்லாதது, நிறுத்தம் என மூன்று தொகுதியாகப் பிரித்து, அவற்றுக்குள்ளும் படிநிலை வகுத்தனர். எந்த நிலையத்துக்கு எந்த வசதி என்பது அந்தப் படிநிலையைப் பொறுத்தது. ஆனால் ஒரு தெருவிலிருந்து மற்றொரு தெருவுக்கு ஊரார் செல்வதற்கான பாலமோ வேறு வகை. அதனை மாநகராட்சி போன்ற அமைப்பு வேண்டிக்கொண்டு, செலவுத் தொகையையும் கட்டினால், ரயில்வே கட்டித் தரும். இதற்கு 'டெபாசிட் வேலை' என்று பெயர். நம் இடம் நிலையத்துக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் இருக்கின்றது. ஆகவே மனு இரண்டு இடத்துக்கும் செல்ல வேண்டும். ஒன்றின் படி மற்றொன்றுக்குச் சென்றது என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். இல்லையேல் ஒவ்வோர் அலுவலகமும் மற்றொன்றைக் கைகாட்டிவிட்டு ஓய்ந்திருக்கும். கோட்ட அளவில் ரயில் பயன்படுத்துவோர் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. அதன் உறுப்பினர் ஒருவரிடமும் ஒரு படி சேர்ப்பது நலம்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். புதிய பாதை போன்ற வருவாய் தரும் வேலைகளுக்கு, போட்ட முதலுக்கு எத்தனை விழுக்காடு திரும்பும் என்று பல ஆண்டுக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். பாதுகாப்பு வேலைகளுக்கும் பயணியர் வசதிகளுக்கும் அந்தக் கணக்கு வேண்டுவதில்லை. 'எவ்வளவு வரும்?' என்று கேட்கமாட்டார்கள், 'எத்தனை பேருக்கு?' என்று கேட்பார்கள். நம் மனுவில் 'எண்ணற்றோர்' என்று எழுதப்பட்டிருக்கின்றது. எண்ணற்றோரை எந்தக் கணக்குப் பிரிவும் ஏற்காது. எண்ணப்பட்டோர் வேண்டும். ரயில்வே எண்ணிக்கையை எவ்வளவு மதிக்கின்றது என்பதற்கு லெவல் கிராசிங்கையே சான்றாகக் காட்டலாம். 24 மணி நேரத்தில் செல்லும் ரயில்களின் தொகையை வாகன அலகுகளின் தொகையால் பெருக்குகின்றனர். நூறு ரயிலும் ஆயிரம் வாகன அலகும் என்றால் பெருக்குத் தொகை ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தை எட்டியதா என்பதை வைத்தே, மாநில அரசோடு செலவைப் பகிர்ந்துகொண்டு மேம்பாலம் கட்டுவதைப் பற்றிய பேச்சு நெடுங்காலமாகத் தொடங்கி வந்திருக்கின்றது. மனிதர் நடந்து கடக்கும் இடத்துக்கு அந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது. ஆயினும் அளக்கும் வழக்கம் அதுவே.

ஆதலின் எண்ண வேண்டும். விடியல் 5 மணி முதல் இரவு 10 மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம் போட்ட தாளில், கீழிருந்து மேல், மேலிருந்து கீழ் என இரு நிரல். சீருடைப் பிள்ளைகளுக்கு ஒரு குறி, முதியோர்க்கு ஒரு குறி, சுமையோடு செல்வோர்க்கு ஒரு குறி. பள்ளி நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று, மழை நாள் ஒன்று என மூன்று நாள் எடுத்தால், 'ஒரு நாள் கூட்டத்தைக் காட்டுகின்றனர்' என்று எவரும் சொல்ல முடியாது. அதே நேரங்களில் எத்தனை ரயில் சென்றன என்பதையும் குறிக்க வேண்டும். கூடுதல் தொகையை மட்டும் எழுதாமல் தாளையே இணைக்க வேண்டும்.

வேறு வழி இல்லையா என்னும் கேள்விக்கும் நாமே விடை எழுதிவிடுதல் நல்லது. இல்லையேல் அலுவலகம் தனக்கு எளியதை எழுதிக்கொள்ளும். இரு புறமும் சுவர் எழுப்பிவிடலாம். செலவு குறைவு. ஆனால் சுவரில் ஒரு மாதத்தில் ஓட்டை விழும் என்பதை மும்பையில் வாழ்வோர் அறிவர். சுரங்க நடைபாதை தோண்டலாம். ஆடி ஆவணியில் அது குளமாகும். பாலம் என்றால், 25,000 வோல்ட் மின்கம்பிக்கு மேலே போதிய இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும். உயரம் மிகும், படிகளும் மிகும். அத்தனை படி ஏற முடியாத 71 வயதுக்காரர் மறுபடியும் தண்டவாளத்தில்தான் இறங்குவார். ஆகையால் சரிவுப் பாதையோ மின்தூக்கியோ சேர்த்துக் கேட்க வேண்டும். செலவு கூடும் என்பதையும் அறிந்தே கேட்க வேண்டும். பின்னால் தனியே கேட்டால் அது வேறொரு கோப்பாகிவிடும். பாலத்தில் விளக்கு எரிவதும் பெருக்குவதும் எவர் பொறுப்பு என்பதையும் இப்பொழுதே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். இருட்டுப் பாலத்தில் நம் பெண்கள் ஏறமாட்டார்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1924 முதல் ரயில்வேக்குத் தனி வரவு செலவுத் திட்டம் இருந்தது. 2017 முதல் அது பொது வரவு செலவுத் திட்டத்தோடு இணைந்து பிப்ரவரி 1 அன்று வருகின்றது. கோட்டங்களிலிருந்து வேலைப் பட்டியல் அதற்குப் பல திங்கள் முன்பே புறப்பட்டுவிடும். இன்று அது கணிப்பொறி வழியே செல்கின்றது. ஒவ்வொரு முன்மொழிவும் எந்த மேசையில் நிற்கின்றது என்பது உள்ளே இருப்பவர்க்குத் தெரியும். ஒப்புதலான வேலைகள் 'பிங்க் புத்தகம்' எனப்படும் தொகுதியில் வெளிவரும். அதனை எவரும் ரயில்வே வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். மனு கொடுத்தவர்கள் ஆண்டுதோறும் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஏனெனில் ஒப்புதல் கிடைத்தவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 2017 செப்டம்பர் 29 அன்று நம் நகரின் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்து நடைமேம்பாலத்தில், மழையில் திரண்ட கூட்டம் நெரிந்து 23 பேர் மாண்டனர். அங்கே புதிய பாலத்துக்கு அதற்கு முன்பே ஒப்புதல் ஆகியிருந்தது. பாலம்தான் வரவில்லை. பின்னர் ராணுவத்தார் பணியை ஏற்று 2018 பிப்ரவரி 27-இல் பாலத்தைத் திறந்தனர். விபத்து நடந்து ஐந்து திங்கள் நிறைவதற்குள். பிரபாதேவி என்று இன்று பெயர் வழங்கும் அந்த நிலையத்தில் இறங்குவோர் பலர் இதனை அறிவர். அந்தக் கோப்பு எந்தப் படியில் எத்தனை நாள் நின்றது என்று அப்பொழுது கேட்டுக்கொண்டிருந்தவர் எவரேனும் இருந்தனரோ என்னவோ.

அழகிய நடை வேண்டுவதில்லை என்பதற்கு ஒன்று சொல்வார்கள். 1909-இல் ஒகில் சந்திர சென் என்னும் வங்காளப் பயணி, வழியில் இயற்கைக் கடன் கழிக்க இறங்கியபொழுது வண்டி புறப்பட்டுப் போய்விட்டதைப் பற்றி ரயில்வேக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் ஆங்கிலம் படிப்போர்க்குச் சிரிப்பூட்டுவது. ஆனால் எந்த நிலையம், என்ன நேர்ந்தது, எவர் செய்தது, என்ன வேண்டும் என்பவை அதில் இருந்தன. வண்டிகளில் கழிப்பறை வந்ததற்கு அக்கடிதமே காரணம் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் அதனை வைத்திருக்கின்றனர்.

திருத்திய மனு இப்பொழுது ஒரு பக்கமும் நான்கு இணைப்புகளுமாக நிற்கின்றது. முதற் பத்தி இவ்வாறு: 'நிலையத்துக்குத் தெற்கே, கீழே குறித்த எண்ணுள்ள மின்கம்பத்தருகே, கிழக்கு மேற்குத் தெருக்களை இணைக்கச் சரிவுப் பாதையுடன் கூடிய நடைமேம்பாலம் வேண்டுகின்றோம். மூன்று நாள் கணக்கெடுப்பில் இங்கே நாள் ஒன்றுக்குக் கடந்தோர் தொகையும் அவர்களுள் பள்ளிப் பிள்ளைகளின் தொகையும் முதல் இணைப்பில் உள்ளன. மிக அருகிலுள்ள பாதுகாப்பான வழி 25 நிமிட நடை.' அதன் கீழே மகனார் எழுதிய வரி. பள்ளியைப் பற்றியும் ஒரு வரி விட்டிருக்கின்றோம்: மாநகராட்சிப் பள்ளி மேல்புறத்தில் உள்ளது என்று மட்டும். அது தமிழ்ப் பள்ளி என்பது, பிள்ளைகளைத் தொடர்ந்து அங்கே அனுப்புவதா இல்லையா என்று நாம் நம் வீடுகளில் பேசிக்கொள்ள வேண்டிய செய்தி, கோப்புக்கு உரியதன்று.

தொகை எழுத வேண்டிய இடம் இன்னும் வெற்றாக இருக்கின்றது. கணக்கெடுப்பு வரும் திங்கள் இரண்டாம் செவ்வாயன்று தொடங்குகின்றது. இரண்டு மணி நேரத்துக்கு இருவர் வீதம் முறை வைத்திருக்கின்றோம். மாலை முறைகள் நிறைந்துவிட்டன. கல்லூரி மாணவர் நால்வரும் மராட்டிய அன்பர் மூவரும் பெயர் கொடுத்துள்ளனர். விடியல் 5 மணி முறைக்கு இன்னும் இருவர் தேவை. இயன்றோர் சங்கச் செயலாளரிடம் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க. தாளும் பென்சிலும் சங்கம் தரும். குடை கொண்டு வருக.